ஸ்டுடியோ அக்காவின் இடது கண்

அந்தத் தெருவில் எல்லோரும் அவளை ஸ்டுடியோ அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பக்கத்துக் கடைச் சலூன்காரர் அவளைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவரும் "அக்கா" என்பார். பதிலுக்கு இவள் அவரை "அண்ணே" என்பாள். யார் மூத்தவர் என்கிற கேள்வி இருவருக்கும் வந்ததே இல்லை.

ஓட்டுநர் உரிமமும் பாஸ்போர்ட்டும் கொடுக்கிற அலுவலகங்கள் இரண்டும் எதிர்ச்சாரியில் ஒரே கட்டடத்தில் இருந்தன. அதனால் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் எல்லோருமே காலில் வெந்நீர் கொட்டியது போல வருவார்கள். உள்ளே முதுகில்லாத ஒரு ஸ்டூல், பின்னால் வெள்ளைத் திரை, இரண்டு பக்கமும் குடை விரித்த விளக்குகள். சுவரில் கண்ணாடி. பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்ட சீப்பு. கட்டாமல் வைத்திருந்த காலத்தில் வாரத்துக்கொரு சீப்பு காணாமல் போனது. ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு மாட்டியிருக்கும். முதுகுப்பக்கம் கிழிந்து வருஷக்கணக்காகியும் அவள் அதை மாற்றவில்லை. போட்டோவில் விழுவது முன்பக்கம்தானே!

"தலை நேரா. தோளை இறக்குங்க. பல்லு தெரியக் கூடாது. அதுக்காக யாரோ செத்துப்போன மாதிரியும் இருக்கக் கூடாது" என்பாள். அந்தக் கடைசி வாக்கியத்தில் எப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சிக்கும் உதட்டோரம் கொஞ்சம் இளகும். அந்த நொடியில் பட்டனை அமுக்கிவிடுவாள். பிறகு கம்ப்யூட்டரில் முகப்பருவை அழிப்பாள், கலைந்த முடியைப் படிய வைப்பாள். அதற்குமேல் கேட்டால் கிடையாது. "மூக்கைச் சின்னதாக்கிட்டா ஏர்போர்ட்ல நிறுத்தி வச்சுக்கிட்டு யாருன்னு கேப்பாங்க, பரவாயில்லையா?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

வயது நாற்பதைத் தாண்டி மூன்றோ நான்கோ. உடம்புக்கு ஒரு குறையும் கிடையாது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, தலைவலி மாத்திரை கூட வீட்டில் தேடினால்தான் கிடைக்கும். கணவர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் கூண்டுக்கு மேலே நின்று வேலை செய்கிறவர். பேச்சு மட்டும் வராது. காலையில் "போயிட்டு வரேன்", மாலையில் "வந்துட்டேன்". நடுவில் இருக்கிற எல்லாவற்றையும் அவள் பேசிக்கொள்வாள். பிள்ளைகள் இல்லாத வீடு அது. ஆனால் அமைதியான வீடு என்று யாரும் சொல்ல முடியாது. காரணம், அவருடைய தங்கை.

அந்த நாத்தனார் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில் இல்லாத நேரத்திலும் விசில் ஊதுகிற மாதிரியே பேசுவாள். அவளுக்குப் பத்து வயதில் இரட்டைப் பெண்கள். ஒரு விடுமுறை நாளில் அந்த மூன்று பேரும் வந்து நின்று, கேளிக்கைப் பூங்காவுக்குப் போயே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள்.

"அண்ணி, நீங்க கடையைத் திறக்கணும்னா எதிர்ல அந்த ஆபீஸ் திறந்திருக்கணும். இன்னிக்கு அது மூடியிருக்கு. பேசாம கிளம்புங்க."

"நான் கீழே பெஞ்சுல உட்கார்ந்து பையைப் பார்த்துக்கறேன், நீங்க போய் ஆடுங்க" என்று சொல்லிக்கொண்டேதான் ஸ்டுடியோ அக்கா கிளம்பினாள்.

பெஞ்சில் அவள் உட்கார்ந்தது கொஞ்ச நேரம்தான். இரட்டைகளில் ஒருத்தி, "அத்தை, பயமா இருக்கா?" என்று கேட்டாள். மற்றவள், "அத்தைக்குப் பயம்தான்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். உடனே பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கமாக அக்கா ரோலர் கோஸ்டரில் ஏறிவிட்டாள். மலை மாதிரி உயரத்துக்கு ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, அப்படியே தலைகுப்புற இறக்கியது அது. வளைவுகளில் தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக வீசியடித்தது. அவள் கத்திய கத்தலில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். கீழே இறங்கியதும் இரட்டைகளுக்கு முகம் வெளிறியிருந்தது. நாத்தனார் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்டுடியோ அக்கா மட்டும், "இன்னொரு தடவை போலாமா?" என்றாள்.

"அண்ணி, வேணாம். எனக்கு வயிறு இன்னும் மேலேயே இருக்கு, இறங்கல."

"விளையாட்டு டீச்சரா நீ? வாடி!"

மூன்று தடவை போனாள். இரண்டாவது தடவை நாத்தனாரை இழுத்துக்கொண்டு, மூன்றாவது தடவை தன்னந்தனியாக.

மறுநாள் காலையில் கழுத்து வலித்தது. இடது பக்கம், தாடைக்குக் கீழே தொடங்கிக் காதுக்குப் பின்னால் ஏறி, நெற்றிப்பொட்டில் போய் நின்றது வலி. கழுத்துச் சுளுக்கு அவளுக்குப் புதிதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்கிறவளுக்கு அது அடிக்கடி வந்துபோகிற விருந்தாளி. ஆனால் இது அந்த மாதிரி இல்லை. திரும்பினாலும் வலித்தது, திரும்பாவிட்டாலும் வலித்தது. இடது காதைத் தலையணையில் வைத்தால், உள்ளே யாரோ ஊதுகிற மாதிரி உஸ் உஸ் என்று ஒரு சத்தம், நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்டது.

"காதுல ஏதோ கேட்குதுங்க" என்றாள் கணவரிடம்.

"தண்ணி போயிருக்கும்" என்றார் அவர். அன்றைக்கு அவர் பேசியதில் அதுதான் மிக நீளமான வாக்கியம்.

தெருவில் தெரியாத வைத்தியம் இல்லை. டீக்கடைக்காரர் வெந்நீர் ஒத்தடம் என்றார். மருந்துக் கடையில் ஒரு களிம்பைக் கொடுத்தார்கள். நாத்தனார் போனிலேயே பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். சலூன் அண்ணன்தான் சிரித்துக்கொண்டே, "எதுக்கு அக்கா இவ்வளவு சுத்து? நம்ம நாற்காலியில வந்து உட்காருங்க. ஒரே திருப்பு. டக்குனு ஒரு சத்தம் வரும். வலி வாசலோட போயிடும்" என்றார்.

அதில் அவர் பேர்பெற்றவர். முடிவெட்டிய கையோடு கழுத்தை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று திருப்பிச் சொடுக்கெடுத்துவிடுவார். அதற்காகவே தொலைவிலிருந்து வருகிறவர்கள் உண்டு. அக்கா போய் உட்கார்ந்தாள். துணியை உதறிப் போர்த்திவிட்டார். ஒரு கையைத் தாடையிலும் ஒரு கையைப் பின்மண்டையிலும் வைத்து, "மூச்சை விடுங்க" என்றார். அவள் மூச்சை விடுவதற்குள் வாசலில் ஒரு பெண் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"போட்டோ அக்கா நீங்கதானே? எதிர்ல கதவை மூடப்போறாங்க, அக்கா! எனக்கு இப்பவே வேணும்!"

"இருங்கண்ணே, இதோ வந்துடறேன்" என்று துணியை உருவிப் போட்டுவிட்டு ஓடினாள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் வரிசையாக இன்னும் நாலு பேர். அன்றைக்கு அவள் திரும்பிப் போகவே இல்லை.

இப்படியே சில நாள் ஓடியது. வலி குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது.

புதிதாக ஒரு விளக்கு வாங்கியிருந்தாள். கூட்டமில்லாத ஒரு மதியத்தில் அதைச் சோதித்துப் பார்க்க நினைத்து, கேமராவைத் தானே எடுக்கும்படி வைத்துவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். தலை நேராக, தோள் தளர்வாக, யாரும் செத்துப்போகாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். படம் திரையில் வந்ததும் உதட்டைப் பிதுக்கினாள். இடது கண் சின்னதாக இருந்தது.

விளக்குதான் சரியில்லை என்று அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். மறுபடி எடுத்தாள். இடது கண் சின்னதாகவே இருந்தது. விளக்கை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு மாற்றினாள். அப்போதும் இடது கண்தான். "அனுப்பினதே ஓட்டை விளக்கு" என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே, கைப்பழக்கத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, இடது இமையைத் துளி மேலே தூக்கி, வலது கண்ணுக்குச் சமமாக்கிவிட்டாள். சமமாக்கி முடித்த பிறகுதான் உறைத்தது. தன் முகத்தையே திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்! தனக்குத்தானே சிரித்துவிட்டு, திருத்தாத படத்தை மறுபடி திறந்து இன்னும் பெரிதாக்கினாள்.

சிரிப்பு நின்றது. இமை மட்டுமில்லை. இரண்டு கண்ணிலும் ஒரே வெளிச்சம்தான் விழுந்திருக்கிறது, ஆனால் இடது கண்ணின் நடுவில் இருக்கிற கறுப்பு வட்டம் வலதைவிடச் சின்னதாக இருந்தது. ஆயிரக்கணக்கான கண்களை இப்படிப் பெரிதாக்கிப் பார்த்தவள் அவள். இப்படி ஒன்று பட்டாணி, ஒன்று மிளகு என்று பார்த்த ஞாபகமே இல்லை. எழுந்து கண்ணாடி முன் போய் நின்றாள். கண்ணாடியும் அதையேதான் சொன்னது.

அன்று மாலை கணவர் வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே அவர் முன்னால் முகத்தை நீட்டினாள். "என் கண்ணைப் பாருங்க. நல்லாப் பாருங்க."

அவர் டார்ச்சை எடுத்துவந்து, பழுதான லிஃப்ட்டைப் பார்க்கிற அதே முகத்தோடு பார்த்தார். இடது கண், வலது கண், மறுபடி இடது கண்.

"ஒரு கதவு முழுசாத் திறக்கல" என்றார்.

"அது எனக்கும் தெரியுது. எதனாலன்னு தெரியுமா?"

"தெரியாது. நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம்."

"நாளைக்கு எதிர்ல கூட்டம் அம்மும். நாளன்னிக்குப் போலாம்" என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வழக்கம்போல அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். பேச்சு கூட்டத்தைப் பற்றிப் போய்விட்டது.

மறுநாள் கூட்டம் அம்மத்தான் செய்தது. மதியத்துக்குச் சற்று முன்னால் ஒரு டாக்ஸி டிரைவர் வந்தார். ஆள் நல்ல உயரம், கன்னம் வரை நீண்ட மீசை. லைசென்ஸுக்குப் போட்டோ வேண்டும் என்றார். மீசைக்கு மட்டும் தனியாகச் சீப்புப் போட்டு வாரிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அக்கா கேமராவுக்குப் பின்னால் போய் நின்று, தினமும் நூறு தடவை சொல்வதைச் சொன்னாள்.

"தட்டை ஈரமா வைங்க."

டிரைவர் சிரித்துவிட்டார். "என்னக்கா சொன்னீங்க?"

அவளுக்கும் காதில் விழுந்தது. தலையை நேரா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மறுபடி முயன்றாள். "தட்டு... தட்டு... அந்த..." வார்த்தை எங்கேயோ பக்கத்தில்தான் இருந்தது. கை நீட்டினால் எட்டிவிடும் போலிருந்தது. நீட்ட நீட்ட விலகிப்போனது. வலது கைவிரல் கேமரா பட்டன் மேல் இருந்தது. அமுக்கு என்று நினைத்தாள். விரல் அசையவில்லை. அது யாருடைய விரலோ என்பது போல அங்கே கிடந்தது.

டிரைவரின் சிரிப்பு அப்படியே அடங்கியது. மனிதர் ஸ்டூலிலிருந்து எழுந்து இரண்டு எட்டில் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, என்னைப் பாருங்க. எங்க மாமாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு. வாங்க, வண்டி வாசல்லதான் நிக்குது."

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். சொல்ல வேண்டியதெல்லாம் உள்ளே நெரிந்துகொண்டு நின்றது. வாசலுக்கு ஓடிவந்த சலூன் அண்ணன் ஒரு கையில் கத்தரிக்கோல், ஒரு கையில் சீப்போடு, "நான் கடையைப் பார்த்துக்கறேன், உங்க வீட்டுக்காரருக்கும் போன் பண்றேன், நீங்க விடுங்க வண்டியை!" என்று கத்தினார். உள்ளே பாதி முடிவெட்டின ஒருவர் துணியைப் போர்த்தியபடியே வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்.

வண்டியில் போகும்போது அவள் உதடு ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. கண்ணில் படுகிறதையெல்லாம் பேர் சொல்லிப் பார்த்தாள். மரம் வரவில்லை. பாலம் வரவில்லை. வாழ்நாள் முழுக்கப் பேசித் தீர்த்தவளுக்கு, இனி பேசவே முடியாமல் போனால் என்ன செய்வது என்ற எண்ணம் வந்தது. எந்த ஊசிக்கும் அழாதவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பிறகு ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது, முன்னால் நின்றதைப் பார்த்து, "லாரி" என்றாள். தெளிவாக வந்தது.

"என்னக்கா?"

"லாரி. சிவப்பு லாரி. மரம். பாலம். கடவுளே! வந்துடுச்சு, வந்துடுச்சு!" வலது கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக வேலைக்குத் திரும்பியிருந்தன. "தம்பி, வண்டியைத் திருப்புங்க. எனக்கு ஒண்ணுமில்ல. வெயில்ல ஏதோ மயக்கம். அங்க ஆறு பேர் காத்துட்டிருக்காங்க."

அந்த மனிதர் கேட்க வேண்டுமே! "எங்க மாமாவும் இதையேதான் சொன்னாரு" என்றார். ஆஸ்பத்திரி வாசலில்தான் வண்டியை நிறுத்தினார்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். காலில் ஓட்டப் பந்தயக்காரி மாதிரி ஷூ. பேச்சும் அதற்கேற்ற வேகம். கையைத் தூக்கச் சொன்னாள், மூக்கைத் தொடச் சொன்னாள், சிரிக்கச் சொன்னாள். எல்லாம் சரியாகவே இருந்தது.

"பாருங்க டாக்டர், நான் நல்லாத்தான் இருக்கேன். வீட்டுக்குப் போகவா?"

"பொறுங்க. வார்த்தை வரலன்னீங்களே, நாக்கு குழறுச்சா, இல்ல வார்த்தையே கிடைக்கலையா?"

"கிடைக்கல. கிடைச்சதும் வேற வார்த்தை. தலைக்குப் பதிலாத் தட்டு."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். விளக்கைக் குறைக்கச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தாள். "இந்த இடது இமை எப்பவும் இப்படித்தானா?"

"இல்ல, டாக்டர். நேத்துதான் நானே கவனிச்சேன்."

"கழுத்து வலி இருக்கா?"

இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது. "இருக்கு. ஒரு வாரமா. இதே பக்கம். காதுல ஒரு சத்தமும் கேட்குது. அதுக்கும் இதுக்கும் என்ன?"

அந்த நேரத்தில் நாத்தனார் பள்ளியிலிருந்து நேராக, கழுத்தில் விசிலோடு உள்ளே பாய்ந்து வந்தாள். பின்னாலேயே கணவர். ஒரு கையில் கிரீஸ் படிந்த கையுறை, மற்றொரு கை வெறுங்கை. கையுறையைக் கழற்ற வேண்டும் என்று வழி முழுக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

"கழுத்துல அடி ஏதாவது பட்டதா? கீழ விழுந்தாங்களா? யாராவது கழுத்தைத் திருப்பிச் சொடுக்கெடுத்தாங்களா?" என்று டாக்டர் அடுக்கினாள்.

"ரோலர் கோஸ்டர்" என்றாள் நாத்தனார், முகம் சுண்டிப்போய். "நான்தான் கூட்டிட்டுப் போனேன், டாக்டர்."

"முதல் தடவைதான் நீ கூட்டிட்டுப் போனே. மூணாவது தடவை நானேதான் போனேன். எம்மேல பழி வரட்டும், நீ நகரு" என்றாள் அக்கா.

"இவங்க கண்ணு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரியணும். பழைய போட்டோ ஏதாவது இருக்கா?"

ஊருக்கே போட்டோ எடுக்கிறவளிடம் தன் பழைய போட்டோ ஒன்றுகூடக் கைவசம் இல்லை. நாத்தனார்தான் தயங்கித் தயங்கித் தன் போனை நீட்டினாள். ரோலர் கோஸ்டர் தலைகுப்புற இறங்கும்போது பூங்காக்காரர்களே எடுத்துக் கொடுக்கிற படம் அது. முடி பறக்க, வாய் குகை மாதிரி பிளந்திருக்க, கத்திக்கொண்டிருந்தாள் ஸ்டுடியோ அக்கா. இரண்டு கண்களும் முட்டை முட்டையாக, ஒரே அளவில் திறந்திருந்தன.

டாக்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது" என்றாள். சிரித்த வாயோடேயே திரும்பி, நர்ஸிடம் தலைக்கும் கழுத்து ரத்தக்குழாய்களுக்கும் உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். அந்தக் குரலில் சிரிப்பு இல்லை.

ஸ்கேன் முடிந்து வந்தபோது டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு மூன்று பேருக்கும் பொதுவாகச் சொன்னாள். கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் இருக்கின்றன. அந்தக் குழாயின் சுவர் அடுக்கடுக்காக இருக்கும். இடது பக்கக் குழாயில் உள் அடுக்கு ஓரிடத்தில் கிழிந்திருக்கிறது. கிழிசல் வழியாக ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்து அடுக்கைப் பிரித்துவிட்டது. அதனால் பாதை குறுகிவிட்டது. அந்த இடத்தில் ரத்தம் கட்டியாகி, ஒரு துணுக்கு மேலே போய் மூளையில் கொஞ்ச நேரம் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் வார்த்தையும் கையும் போய்த் திரும்பி வந்தன.

அக்கா யோசித்தாள். "அட்டைக்கு லாமினேஷன் போடறோம்ல, டாக்டர். ஓரத்துல லேசாப் பிரிஞ்சு உள்ளே தண்ணி புகுந்தா, அப்படியே உப்பிக்கிட்டே போகும். அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அப்ப கண்ணு?"

"கண்ணுக்குப் போற ஒரு நரம்பு அந்தக் குழாய் மேலேயே ஒட்டிக்கிட்டு ஏறுது. குழாய் உப்பினா அது நசுங்கும். இமை இறங்கும், கண்பாப்பா சின்னதாகும். பக்கவாதம்னா வயசானவங்களுக்குத்தான் வரும்னு எல்லாரும் நினைக்கறாங்க. ஐம்பது வயசுக்குள்ள வர்றவங்களுக்கு இந்தக் கிழிசல் ஒரு முக்கியமான காரணம். ராட்டினம்தான் வேணும்னு இல்ல. சில பேருக்குப் பலமாத் தும்மினாக்கூட வந்துடும். சில பேருக்குக் காரணமே தெரியாது."

"அப்ப கழுத்து வலிச்சாலே ஓடி வந்துடணுமா?" என்றாள் நாத்தனார்.

"வேணாம், வேணாம். அப்படி வந்தா எனக்கு உட்கார இடம் இருக்காது. கழுத்து வலி பெரும்பாலும் வெறும் தசைப்பிடிப்புதான். ஆனா முன்னே வராத மாதிரி ஒரு வலி ஒரு பக்கமா வந்து, கூடவே இமை இறங்குது, பேச்சு மாறுது, கை மரத்துப்போகுது, தலை சுத்தித் தள்ளாடுதுன்னா, அது வந்து நின்னு போயிருந்தாலும் சரி, உடனே வரணும். உங்க அண்ணி இன்னிக்குத் திரும்பிப் போயிருந்தா, அடுத்தது நிக்காமலே போயிருக்கலாம்."

அப்புறம், யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"மொத்தம் எத்தனை குழாய், டாக்டர்?" என்று கணவர் கேட்டார்.

"மூளைக்குப் போறது நாலு. முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு."

"ஒண்ணு பழுதானா மத்த மூணும் தாங்குமா?"

"ஓரளவு தாங்கும். இப்ப தாங்கிட்டுதான் இருக்கு. கட்டி சேராம இருக்க மருந்து தரோம். பெரும்பாலும் இந்தக் கிழிசல் தானே ஆறிடும்."

அவர் பெருமூச்சு விட்டார். "லிஃப்டுலயும் அப்படித்தான், டாக்டர். ஒரே கயிறுல தொங்குதுன்னு ஜனங்க நினைக்கறாங்க. நாலஞ்சு கயிறு இருக்கும்" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கயிறு தேய்வது எப்படி, தேய்ந்ததை வெளியிலிருந்து பார்த்தால் ஏன் தெரியாது, விழாமல் பிடிக்கிற கொக்கி எங்கே இருக்கும் என்று ஒரு பாடமே நடத்தினார். டாக்டர் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அவரையே பார்த்தாள். கல்யாணமான நாள் முதல் சேர்த்து வைத்திருந்தாரோ என்னவோ. பயம் பிடித்தால் இவருக்குப் பேச்சு வரும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கையை நீட்டி, அந்தக் கிரீஸ் கையுறையை மெதுவாக உருவி எடுத்தாள். அவர் விரல்களைத் தன் வலது கையால் பிடித்துக்கொண்டாள். வலது கைக்குப் பிடிக்கத் தெரிந்தது.

ஒரு வாரம் போல ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நர்ஸ் அடிக்கடி வந்து, "சிரிங்க, கையைத் தூக்குங்க, உங்க பேர் சொல்லுங்க" என்பாள். "நீங்க சிரிக்கச் சொல்ற விதமே சரியில்லம்மா, பயந்துட்டு எவன் சிரிப்பான்?" என்று அக்கா அவளுக்குப் பாடம் எடுப்பாள். இரண்டு நாளில் அந்த வார்டே, யாரும் செத்துப்போகாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பழகிவிட்டது. ஆனால் யாரும் இல்லாதபோது, ஜன்னலுக்கு வெளியே தெரிகிறதையெல்லாம் வாய்க்குள்ளேயே பேர் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். புறா. தண்ணீர்த் தொட்டி. கொடி. துணி காயப்போடுகிற பெண். ஒவ்வொன்றும் கூப்பிட்ட உடனே வந்தது. வந்த பிறகும் இன்னொரு தடவை சொல்லிக்கொள்வாள்.

சலூன் அண்ணன் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். கதை முழுக்கக் கேட்டதும் உட்கார்ந்த இடத்திலேயே வேர்த்துவிட்டது.

"அன்னிக்கு என் கையில உங்க தலை இருந்துச்சே, அக்கா."

"இருந்துச்சு. அந்தப் பொண்ணு மட்டும் போட்டோவுக்கு வரலன்னா..."

"சொல்லாதீங்க, சொல்லாதீங்க!" என்று காதைப் பொத்திக்கொண்டார்.

மறுநாளிலிருந்து சலூனில் சொடுக்கெடுப்பது நின்றது. பழைய வாடிக்கையாளர்கள் சும்மா விடுவார்களா? "ஒரே ஒரு திருப்பு, அண்ணே" என்று கெஞ்சுவார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "முடி கேளு, வெட்டறேன். மீசை கேளு, முறுக்கி விடறேன். கழுத்து உன்னோடது. அதை நீயே வச்சுக்க" என்பார்.

அக்கா கடைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே டாக்ஸி டிரைவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மீசை முன்னைவிடப் பளபளப்பாக இருந்தது.

"இத்தனை நாள் ஏன் வேற எங்கேயும் எடுக்கல, தம்பி?"

"உங்ககிட்டதான் எடுக்கணும்னு வச்சிருந்தேன். ஆனா ஒண்ணு சொல்லணும், அக்கா. கோபப்படக் கூடாது. எனக்கு லைசென்ஸ் காலாவதியாகி ரொம்ப நாளாச்சு. அன்னிக்கு உங்களை ஓட்டிட்டுப் போனது லைசென்ஸ் இல்லாமத்தான்."

அக்கா சிரித்த சிரிப்பில் கேமரா ஆடி, முதல் படம் கலங்கலாக வந்தது.

மருந்து, மாத்திரை, கனமான எதையும் தூக்காதே, கழுத்தைப் பின்னால் மடக்கித் தலை அலசாதே, ராட்டினம் கிடையவே கிடையாது என்று ஆறேழு மாதம் ஓடியது. காதுக்குள் கேட்ட சத்தம் முதலில் நின்றது. பிறகு வலி. மறுபடி ஸ்கேன் எடுத்தபோது டாக்டர் அதே ஷூவோடு ஓடிவந்து, "குழாய் ஆறிடுச்சு, பாதை திறந்துடுச்சு" என்று திரையில் காட்டினாள். இமை மட்டும் துளி இறங்கியே இருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். "இது அப்படியே இருந்துட்டுப் போகட்டும், டாக்டர். நான் யாரையாவது பார்த்துக் கண்ணடிச்சேன்னு சந்தேகப்பட்டா இதைக் காரணமாச் சொல்லிக்குவேன்" என்றாள். கணவர் வாயைத் திறந்து சத்தமாகச் சிரித்தார். அன்றைக்குப் பிறகு அவர் வீட்டில் பேசுகிற வாக்கியங்கள் கொஞ்சம் நீண்டிருந்தன. எதைப் பற்றி என்றால், பெரும்பாலும் லிஃப்டைப் பற்றித்தான். ஆனாலும் அவள் இடையில் புகாமல் கேட்டாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு பெரிய குடும்பம் குரூப் போட்டோவுக்கு வந்தது. சின்ன ஸ்டுடியோவில் பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கைக்குழந்தை நூலில் தொங்கிய சீப்பைச் சப்பிக்கொண்டிருந்தது. நடுவில் ஓரிடம் மட்டும் காலியாக இருந்தது.

"யார் வரணும்?"

"எங்க மருமகன். இதோ வந்துட்டே இருக்கேன்னு அப்பலேர்ந்து சொல்றார்" என்றார் பெரியவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அக்கா டீ சொல்லி அனுப்பினாள். எல்லோரும் வரிசை கலையாமல் நின்றபடியே குடித்தார்கள். குழந்தை கையிலிருந்து கைக்கு மாறியது. வந்ததும் மருமகனை என்ன சொல்லலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், அக்கா உட்பட. கடைசியில் தலையிலிருந்து கால்வரை நனைந்து, கையில் ஒற்றைச் செருப்போடு அந்த மனிதர் வாசலில் வந்து நின்றார்.

அக்கா ஒரு துண்டை எடுத்து அவரிடம் வீசினாள். "தலையைத் துவட்டிட்டு வந்து நில்லுங்க, மாப்பிள்ளை. உங்களைப் பார்த்து உங்க மாமனார் முகம் இளகியிருக்கு, மறுபடி இறுகறதுக்குள்ள நான் எடுத்துடணும்."